கைக்கு எட்டிய பெட்டி

ஜூலை 9, செவ்வாய். பாளையங்கோட்டை.

அத்தையிடம் இன்று நான் சொல்லாதது: இந்த மண்ணை நான் கொண்டுபோக மாட்டேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் பெட்டியின் ஒரு மூலையைக் காட்டி, "இங்கன வைங்க அத்தை" என்றேன். மஞ்சள் துணியில் முடிந்த பிடிமண். ஊரைவிட்டு நிரந்தரமாகப் போகிறவர்கள் குலதெய்வம் கோயிலில் ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டுபோய், புது வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டும் என்பது என் கணவர் பாண்டியன் வீட்டு வழக்கம். மாமா காலையிலேயே சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையால் வாங்கி வந்துவிட்டார்.

"சாமி கூட வராம, அந்தக் குளிருக்குள்ள பிள்ளையள வச்சிக்கிட்டு எப்படி இருப்பிய?" என்றார் அத்தை.

பாண்டியன் ஆறு மாதமாக மெல்போர்னில் இருக்கிறார். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பொறியாளர். மண், விதை, வீட்டில் காய்ச்சிய நெய் எதுவும் அங்கே ஆகாது, தெரியாமல் கொண்டுவந்துவிட்டாலும் இறங்கும்போது எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மறைத்தால் விடமாட்டார்கள் என்று போன வாரமே தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவரிடம் சரி என்றேன். அத்தையிடமும் சரி என்றேன். இரண்டு சரிகளும் இப்போது ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

மண் மட்டுமில்லை. அகத்தி விதை, முருங்கை விதை, சுண்டவத்தல், நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு தூக்குவாளி நெய், சின்னவன் கவினுக்கு ஏத்தன் வாழைக்காய்ப் பொடி. அத்தை கொடுத்ததை எல்லாம் பச்சைப் பெட்டியில் சேர்த்து வைத்தேன். ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான்.

என் புத்தகங்களை மற்றப் பெட்டிகளில் துணிகளுக்கு நடுவே பிரித்து வைத்தேன். சென்னையில் மண்ணை எடுத்து எங்கேயாவது போட்டுவிடலாம்.

ஜூலை 10, புதன்.

கவினுக்குச் சளி. இரண்டு வயது ஆகியும் மூக்கைச் சிந்தத் தெரியவில்லை.

எந்தப் பொம்மைகள் விமானத்தில் வருகின்றன, எவை இங்கேயே இருக்கின்றன என்று நறுமுகை பிரித்து முடித்துவிட்டாள். ஒரு கை இல்லாத கரடியைத் தானாகவே விட்டுவிட்டாள். "அதுக்கு அங்க குளிரும்மா" என்றாள். ஐந்து வயதுக்காரிக்கு இருக்கிற தெளிவு எனக்கு இல்லை. கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்தில் வாங்கிய தடிப் புத்தகங்களை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன். அவற்றில் பாதியை நான் இனிமேல் படிக்கப்போவதில்லை. படித்த ஒருத்தி இந்த வீட்டிலிருந்து போனாள் என்பதற்குச் சாட்சியாக அவை வேண்டியிருக்கின்றன போலும்.

ஜூலை 12, வெள்ளி. சென்னை விமான நிலையம்.

பிள்ளைகள் நாற்காலியில் தூங்குகிறார்கள். விமானத்துக்கு நேரம் இருக்கிறது.

பெட்டிகளைப் போடும் இடத்தில் எடை கூடிவிட்டது. மாமா வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே நானும் பிள்ளைகளும் ஆறு பெட்டிகளும் ஒரு தள்ளுவண்டியும். ஒரு பெட்டியை விட்டுவிட்டு வாருங்கள், இல்லை என்றால் திறந்து குறையுங்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கவின் தரையில் படுத்து அழுதான்.

எனக்கு அடுத்து நின்றது சண்முகத்தாய் என்கிற அம்மா. கோவில்பட்டிக்காரர். முதல் விமானப் பயணம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுச் சால்வை, கையில் ஒரே ஒரு சின்னப் பெட்டி. மகள் முத்துமாரிக்கு மெல்போர்னில் முதல் பிரசவம். சம்பந்தியம்மா உயிரோடு இல்லை என்பதால் இவர்தான் போய்ப் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும்போதே மகளைக் கூப்பிட்டு என் கையில் போனைக் கொடுத்தார். "அக்கா, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. கொஞ்சம் கூடவே கூட்டிட்டு வந்திருங்கக்கா" என்றாள் முத்துமாரி. கண்டிப்பாக என்றேன். எண்ணையும் பதிந்துகொண்டேன்.

அவ்வளவு பேசிய பிறகு கேட்பதில் ஒன்றும் தவறு தெரியவில்லை. இப்படி ஒருவர் சாமானை இன்னொருவர் கணக்கில் போடுவது எல்லோரும் செய்வதுதான். கைக்கு எட்டிய ஒரு பெட்டியை அவரிடம் தள்ளி, இதை உங்கள் பெயரில் போட்டுக்கொள்ள முடியுமா, அங்கே இறங்கியதும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பச்சைப் பெட்டி அது.

"உள்ள என்ன தாயி இருக்கு?"

"சாப்பாட்டுச் சாமான்மா. மாமியார் கட்டிக் குடுத்தது."

அவர் சிரித்தார். "எம் மக ஒரு பல்லு பூண்டுகூடக் கொண்டாரக் கூடாதுன்னு சொல்லிட்டா. பிரசவ மருந்து இடிச்சு வச்சத அப்பிடியே தெருவுல எடுத்துக் குடுத்துட்டு வாரேன். ஒங்க வீட்டுச் சாப்பாடாச்சும் போகட்டும்."

யாராவது கேட்டால், எல்லாம் என் பெட்டிதான், நானே கட்டினதுதான் என்று சொல்லச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார்.

ஜூலை 13, சனி. மெல்போர்ன்.

வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் நலம். ஒரு பெட்டி வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு.

நேற்று எழுதியதை அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். நான் எப்படி எழுதுகிறவள் என்பது எனக்காவது தெரியட்டும்.

விமானத்தில் கவின் முழு நேரமும் சண்முகத்தாய் மடியில்தான் இருந்தான். வாந்தி எடுத்தபோது அந்தப் புதுச் சால்வையால்தான் துடைத்தார். "துவைச்சாப் போவுது" என்றார். இறங்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள்: உணவு இருக்கிறதா, விதை இருக்கிறதா, மண் இருக்கிறதா. அவருடையதையும் நான்தான் நிரப்பினேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறித்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் பொறுமையாகப் போட்டார். என் சீட்டில் பிள்ளைகளின் பிஸ்கட்டுக்குக்கூட ஆம் என்று குறித்தேன்.

பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் என் இரண்டு வண்டிகளும் நிரம்பிவிட்டன. பச்சைப் பெட்டி அவர் வண்டியில் இருந்தது. வெளியே போய் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நாங்கள் நின்ற வரிசை ஓரமாக ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாய் குரைக்கவில்லை, கடிக்கவில்லை. பச்சைப் பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

அவரைத் தனியாக ஒரு மேசைக்கு அழைத்துப் போனார்கள். ஆம் என்று குறித்தவர்களுக்கான அடுத்த மேசைக்கு என்னை அனுப்பினார்கள். பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்த அதிகாரி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். எங்களுக்கு நடுவே ஒரு துணிக்கடை மேசை அளவு இடம்தான். மஞ்சள் முடிச்சைக் கையுறை போட்ட கை அவிழ்ப்பதை நான் பார்த்தேன்.

"அம்மா, ஆச்சிகிட்ட நம்ம பச்சைப் பெட்டி இருக்கு. அத எடுக்காங்க" என்றாள் நறுமுகை, நல்ல சத்தமாக.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். பேசியவள் ஒருத்தி. சண்முகத்தாய் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். இப்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பதுபோலப் பார்த்தார்.

நான் நறுமுகை வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தேன்.

வெளியே பாண்டியன் நின்றார். பிள்ளைகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டார்கள். தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நிறைமாதப் பெண் ஒருத்தி நின்றாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"மதியக்காதானே? அம்மா எங்கக்கா?"

"பின்னாடி வராங்க" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

இன்று காலை முத்துமாரி அனுப்பிய செய்தியை அப்படியே எழுதிவைக்கிறேன்: "அக்கா, அம்மா விசாவ ரத்து பண்ணிட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் திருப்பி அனுப்புறாங்களாம். பெட்டியில மண்ணு, விதையெல்லாம் இருந்துச்சாம். போன்ல தமிழ் ஆளை வச்சு திரும்பத் திரும்பக் கேட்டாங்களாம். என் பெட்டிதான், நானே கட்டினதுதான்னு ஒரே பிடியா சொல்லுதாங்களாம். எங்கம்மா எதுக்குக்கா மண்ணக் கொண்டு வரணும்? உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

பாண்டியன் துணி துவைக்கும் இயந்திரத்தைக் காட்டிக் கொடுத்தார். பயணத் துணிகளை மூன்று முறையாகப் போட்டு எடுத்தேன்.

"தெரியலையேம்மா. ரொம்ப வருத்தமா இருக்கு" என்று பதில் அனுப்பினேன்.

ஜூலை 15, திங்கள்.

பச்சைப் பெட்டி காணாமல் போனதாக விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதப் பாண்டியன் உட்கார்ந்தார். பெட்டியின் நிறம், அளவு, சக்கரம் எத்தனை என்று கேட்டுக் கேட்டுத் தட்டினார். சக்கரம் நான்கு என்று சொன்ன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

தட்டியதை எல்லாம் அழித்தார். பிறகு, "இப்ப போய் நம்மதுன்னு சொன்னா நம்ம விசா என்னாகும்னு யோசிச்சியா? ரெண்டு பிள்ளையள வச்சிக்கிட்டு மறுபடியும் பாளையங்கோட்டையா?" என்றார்.

அவர் தடுத்துவிட்டார் என்று இங்கே எழுதி முடித்திருக்கலாம். அவரிடம் நான் சொன்னபோது விமானம் போய்ப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஜூலை 17, புதன்.

அத்தை கூப்பிட்டார். மண்ணை ஈசானிய மூலையில் வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். விளக்கு ஏற்றினாயா என்றார். ஏற்றினேன் என்றேன். இது மூன்றாவது மாடி. ஈசானிய மூலையில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது.

"சாமி கூட வந்திருக்கு. இனி ஒண்ணும் பயமில்ல" என்றார்.

ஜூலை 20, சனி.

இன்னும் இரண்டு பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கின்றன. இந்தச் சின்ன வீட்டில் அவற்றைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. கவின் அவற்றின் மேல் ஏறிக் குதிரை ஓட்டுகிறான். புத்தகங்களை எடுத்து அடுக்கினேன். ஒன்றைத் திறந்து இரண்டு பக்கம் படித்தேன். போர்களில் யார் யாரைக் கைவிட்டார்கள் என்று எவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன் நான், ஓரங்களில், பென்சிலால்.

முத்துமாரி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. குளியலறையில் இருந்தேன் என்று செய்தி அனுப்பினேன்.

ஜூலை 23, செவ்வாய்.

எடுத்தேன்.

அவள் என்மேல் சந்தேகப்படவே இல்லை. அதைத் தாங்கத்தான் முடியவில்லை. அம்மா ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். தெருவில் எல்லோரும் கேட்கிறார்களாம், என்ன போன வேகத்தில் வந்துவிட்டாய், மகள் விரட்டிவிட்டாளா என்று. அதைச் சொல்லி முத்துமாரி சிரிக்க முயன்றாள். மூன்று வருடத்துக்கு அவர் இங்கே வர முடியாது என்று தாளில் இருக்கிறதாம். அதிகாரிகளிடம் எழுதிக் கேட்கலாம், ஆனால் என்னவென்று எழுதுவது, அம்மாவே தன் பெட்டி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்களே என்றாள்.

"அம்மாட்ட கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்கக்கா. விடு, அது முடிஞ்ச கதைங்காங்க. உங்களப் பத்திதான் கேக்காங்க. அந்தச் சின்னப் பயலுக்குச் சளி விட்டுச்சான்னு."

விட்டுவிட்டது என்றேன்.

ஜூலை 24, புதன்.

"கைக்கு எட்டிய ஒரு பெட்டி" என்று பன்னிரண்டாம் தேதி எழுதியிருக்கிறேன். அன்று கைக்கு எட்டியது நீலப் பெட்டி. அதில் புத்தகங்கள் இருந்தன. பச்சைப் பெட்டி அதற்கும் அந்தப் பக்கம், சுவரோரமாக நின்றது. கவினைத் தாண்டிப் போய் எடுத்து வந்தேன்.

குப்பைத்தொட்டியும் பக்கத்தில்தான் இருந்தது. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த முடிச்சைக் குப்பையில் எறியத் துணிவும் கிடையாது. இரண்டும் இல்லாதவள் செய்கிற காரியத்தைச் செய்தேன். மாட்டினால் என்னிடம் மாட்டக்கூடாது என்று நினைத்தேனா? நினைத்தேன். ஊரில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கும்போதே கொஞ்சம் நினைத்தேன் என்று படுகிறது.

ஆகஸ்ட் 3, சனி.

முத்துமாரிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறாள். நிறைய முடி.

பிரசவ அறையில் அவள் கணவர் கார்த்தீசன் மயங்கி விழுந்துவிட்டாராம். செவிலியர்கள் பாதிப் பேர் அவரைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: "அம்மானு கத்தினேன்கா. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரம்மா கையத்தான் பிடிச்சிக்கிட்டேன்."

ஆகஸ்ட் 8, வியாழன்.

நறுமுகையைப் பள்ளியில் சேர்த்தோம். புது இடத்தைப் பற்றி வகுப்பில் படம் வரையச் சொன்னார்களாம். ஒரு நாயும் ஒரு பச்சைப் பெட்டியும் வரைந்திருக்கிறாள். அழகான நாய் என்று ஆசிரியை என்னிடம் சொன்னார்.

ஆகஸ்ட் 15, வியாழன்.

முத்துமாரி கேட்டாள்: "அக்கா, உங்களுக்குப் பிள்ளைக்குக் காலுல போட்டுத் தண்ணி ஊத்தத் தெரியுமா? இவரு வேலைக்குப் போயிட்டாரு. தொட்டியில போட்டா வீல்னு கத்துறா. அம்மா தினமும் வீடியோவுல சொல்லித்தான் தாராங்க, எனக்குக் கை நடுங்குது. ஒரே ஒரு நாள் வந்து காமிச்சுக் குடுத்தீங்கன்னா போதும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

ஆகஸ்ட் 17, சனி.

பிள்ளைகளைப் பாண்டியனிடம் விட்டுவிட்டுப் போனேன். அங்கே குழந்தைக்குத் தொற்று ஏதும் வந்துவிடக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். நறுமுகை வாயைத் திறந்துவிடுவாள் என்பதுதான் காரணம்.

ரயிலில் முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டைவிடச் சின்ன வீடு. சண்முகத்தாய்க்காக வாங்கிப் போட்ட கட்டில் கூடத்தில் இருந்தது, விரிப்பின் மடிப்புக்கூடக் கலையாமல். முத்துமாரி காதை மறைத்துத் துணி கட்டியிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்துப்போயிருந்தது. நான் செருப்பைக் கழற்றும்போதே, "வாங்கக்கா, உங்களப் பாத்ததும்தான் எங்க ஊரு ஆளப் பாத்த மாதிரி இருக்கு" என்றாள்.

குளியலறைத் தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, இரண்டு கால்களையும் நீட்டினேன். குழந்தையை வாங்கிக் கால்களுக்கு நடுவே குப்புறப் போட்டேன். உடல் முழுக்க ஒரு பூனைக்குட்டிச் சூடு. முத்துமாரி போனைக் கைகழுவும் தொட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, "அம்மா, தெரியுதா?" என்றாள்.

திரையில் சண்முகத்தாய். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லாத் தெரியுது. வா தாயி. சின்னப் பயலுக்குச் சளி விட்டுருச்சாமே" என்றார்.

ஊற்றினேன். முதுகில் முதல் சொம்புத் தண்ணீர் விழுந்ததும் குழந்தை அழுதாள். "தாரையா ஊத்து, நிறுத்தாத. நிறுத்துனாத்தான் அழுவா" என்றார். நிறுத்தாமல் ஊற்றினேன். அழுகை அடங்கியது. திருப்பிப் போட்டேன். அப்போது குழந்தை கண்ணைத் திறந்து எதையோ பார்த்தாள். "ஏ அம்மா, முழிக்கிறதப் பாரு" என்று திரையில் இருந்தவர் தன் முகத்தை அவ்வளவு கிட்டே கொண்டுவந்தார். நெற்றியும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. கை ஒன்று நீண்டு திரையைத் தடவியது. படம் இடம் மாறிக் கொஞ்ச நேரம் வெறும் ஓட்டுக்கூரை தெரிந்தது.

வாசலில் சாய்ந்து நின்ற முத்துமாரி சிரித்தாள். "அம்மா, போன அமுக்காத. அது உம் பேத்தி இல்ல, கண்ணாடி."

என் காலில் கிடந்தது அவருடைய பேத்தி. நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடம்.

"முத்துமாரி, அந்தப் பச்சைப் பெட்டி என்னோடது" என்றேன்.

சொம்பைக் கீழே வைத்தேன்.

சண்முகத்தாய்தான் முதலில் பேசினார். "அது இப்ப எதுக்கு? தண்ணி ஆறுது. மொதல்ல பிள்ளையத் துவட்டு."

துவட்டினேன். தலை, காதோரம், கழுத்து மடிப்பு. துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: எடை கூடியது, பெட்டியைத் தள்ளியது, சீட்டை நானே நிரப்பியது, அடுத்த மேசையில் நின்றுகொண்டிருந்தது. மண் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். முத்துமாரி என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"எம் பெட்டின்னு சொல்லச் சொன்னா. ஒத்துக்கிட்டுத்தான் வாங்குனேன். சொன்னேன்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நிறமாசக்காரிகிட்ட என்னத்தச் சொல்ல?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவளுக்கும் ரெண்டு பச்சப்பிள்ளைக இருந்துச்சு. வீட்டுக்குப் போயி மூச்சு விட்டுட்டு அவளாச் சொல்லுவான்னு இருந்தேன். மறுநாளு பூரா அந்த ரூம்புல கதவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதில் கோபம் இல்லை. பேருந்துக்குக் காத்திருந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

முத்துமாரி வந்து குனிந்து குழந்தையைத் துண்டோடு எடுத்துக்கொண்டாள். இத்தனை நாள் தையல் வலிக்கிறது என்று குனியாமல் இருந்தவள்.

"ஏர்போர்ட்டுல நான் கேட்டப்ப பின்னாடி வராங்கன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் அந்தக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நாலு மணி நேரம் நின்னேன்."

நான் எழுந்து சேலையை இறக்கிவிட்டேன். ஈரம் காலில் ஒட்டியது. இப்போதாவது அதிகாரிகளுக்கு எழுதுகிறேன், எல்லாம் என் பெயரில் எழுதுகிறேன் என்றேன்.

"எழுதுங்க" என்றாள். "கதவ நான் சாத்திக்கிறேன்."

அக்கா என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு.

எழுதினேன். பாண்டியன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தடுக்கவில்லை. மண் இருப்பது தெரியாது என்று வேண்டுமானால் போடேன் என்றார் ஒரே ஒரு முறை. அதைக் கேட்டதும் கை அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது. தெரியும் என்றே எழுதினேன்.

அனுப்பியதும் மனம் லேசாக இருந்தது. அந்த லேசுதான் பிறகு நாள் முழுக்க வெட்கமாக இருந்தது. அவர்கள் யாருக்கும் அதில் பங்கு இல்லை.

மாலையில் அத்தையைக் கூப்பிட்டு, மண் வந்து சேரவில்லை, விமான நிலையத்திலேயே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு என்றேன். "சொல்லியிருந்தா நான் என்ன தலையையா வாங்கியிருப்பேன்?" என்றார்.

ஆகஸ்ட் 29, வியாழன்.

பதில் இல்லை. நீலப் பெட்டியை விரித்து வெயிலில் வைத்தேன். கவினுக்கு மூக்குச் சிந்தத் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்.

முத்துமாரிக்கு ஒரு செய்தி எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அவள் படித்தாள் என்பது மட்டும் தெரியும்.

அக்டோபர் 4, வெள்ளி.

பதில் வந்தது. எனக்கு எச்சரிக்கை. என் பெயரில் குறிப்பு ஏறும். எங்கள் விசாவைத் தொடவில்லை. சண்முகத்தாய் விஷயத்தில், பயணியே தன்னுடையது என்று தெளிவாக ஒப்புக்கொண்டதால் முடிவை மாற்ற இடமில்லை என்று இருந்தது.

நான் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை அவர்கள் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் இன்னும் உறுதியாக ஒலித்தது.

கடிதத்தை முத்துமாரிக்கு அனுப்பினேன். "பாத்தேன்" என்று வந்தது.

ஜனவரி 26, ஞாயிறு.

கடையில் கார்த்தீசனைப் பார்த்ததாகப் பாண்டியன் சொன்னார். என்னை விசாரிக்கவில்லையாம், பிள்ளைகளை விசாரித்தாராம்.

பொங்கலுக்கு முத்துமாரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போயிருக்கிறாளாம். சண்முகத்தாய் முதன்முதலாகத் தொட்டபோது பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருந்தது.